பிள்ளையார்குப்பத்துப் பெத்லகேம்

நனைந்த வைக்கோல் வாசமும் சாம்பிராணிப் புகையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிடும். போன கிறிஸ்துமஸ் வாரத்தில் அப்படித்தான் ஆனது. புதுச்சேரி டவுனில் ஒரு சர்ச் மைதானத்தைப் பெத்லகேம் கிராமமாகவே மாற்றியிருக்கிறார்கள், பார்த்தே ஆக வேண்டும் என்று மருமகள் சொன்னாள். பேரனையும் அழைத்துக்கொண்டு போனோம். வாசலில் ரோமாபுரிச் சிப்பாய் வேடத்தில் ஒரு கல்லூரிப் பையன் நின்றான். ஆளுக்கொரு அட்டை நாணயத்தைக் கையில் கொடுத்து, "பேரைப் பதிஞ்சிட்டு உள்ள போங்க சார், ராயரோட உத்தரவு" என்றான். இயேசு பிறந்த காலத்தில் அகுஸ்து ராயர் எடுத்த குடிக்கணக்கு!

உள்ளே தச்சுப் பட்டறை, ரொட்டி சுடும் அடுப்பு, கிணறு, சந்தை, எல்லாவற்றுக்கும் கடைசியில் தொழுவம். நடுவில் ஒரு சத்திரம். சத்திரக்காரர் வேடம் போட்டவர் வருகிற எல்லாரையும் "இடமில்ல, இடமில்ல, போங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தார். பேரனுக்கு அது பிடித்துப் போய், விரட்டு வாங்குவதற்காகவே திரும்பத் திரும்ப வரிசையில் போய் நின்றான். ஆடு கத்தும் சத்தம் ஒலிபெருக்கியில் வந்தது. காலையில் தூறல் போட்டிருந்ததால் தரையில் பரப்பிய வைக்கோல் மட்டும் நிஜமாகவே நனைந்திருந்தது. அந்த வாசம்தான் என்னைப் பிடித்து இழுத்தது.

பிள்ளையார்குப்பம் என்று சொன்னால் புதுச்சேரிக்காரர்கள் அடுத்த வார்த்தையாக "எந்தப் பிள்ளையார்குப்பம்?" என்று கேட்பார்கள். பாகூர்ப் பக்கம், கிருமாம்பாக்கத்தை ஒட்டி ஒன்று இருக்கிறது. இப்போது அங்கே மருத்துவக் கல்லூரி வந்து, ஊர்ப் பெயர் வெளியூரெல்லாம் போய்விட்டது. எங்களுடையது இன்னொன்று. வில்லியனூர்க் கொம்யூன், கூடப்பாக்கம் பத்துக்கண்ணுப் பக்கம். மார்கழியில் ஊசுட்டேரிக்கு வெளிதேசத்துப் பறவைகள் வந்து இறங்கும். சம்பா நெல் பச்சையும் பழுப்புமாக நிற்கும். விடிகாலையில் பெருமாள் கோயில் ஒலிபெருக்கி ஒரு பக்கம் பாடும், இன்னொரு பக்கம் ஐயப்ப பக்தர்களின் சரணம் கேட்கும். இரண்டுக்கும் நடுவே, நாலு வயல் தள்ளியிருந்த சின்ன ஊரிலிருந்து மாதா கோயில் மணி வரும்.

எங்கள் வீட்டில் பிள்ளையாரும் அம்மனும் ஐயனாரும்தான் சாமிகள். ஆனாலும் வில்லியனூர் மாதாவை ஆயா, என் பாட்டி, ஒருநாளும் வேற்றாளாக நினைத்ததில்லை. 1877இல் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த லூர்து மாதா சுரூபம் அது. கோயிலுக்கு முன்னால் குளம். எனக்கோ தம்பிக்கோ காய்ச்சல் வந்தால் ஆயா ஒரு பாட்டிலில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து வருவாள். திரும்பும்போது திருக்காமீசுவரர் கோயில் வாசலிலும் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவாள். அந்தச் சிவன் கோயில் தேரைப் பிரெஞ்சு கவர்னர்கள் வடம் பிடித்து இழுத்துத் தொடங்கிவைத்த வழக்கம், இப்போது துணைநிலை ஆளுநர் காலத்திலும் தொடர்கிறது. எங்கள் பக்கத்துச் சாமிகளுக்குள் எல்லைத் தகராறு கிடையாது.

நாலு வயல் தள்ளியிருந்த அந்த ஊரில் மாதா கோயில் என்றால் ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம். வாரம் ஒருநாள் பூசை வைக்கச் சாமியார் சைக்கிளில் வருவார். மற்ற நாட்களில் உபதேசியார்தான் எல்லாம். கோயிலை ஒட்டிய வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். இந்தோசீனா, அல்ஜீரியா எல்லாம் பார்த்தவர். பென்ஷன் பிரான்சிலிருந்து வரும். கிறிஸ்துமஸை 'நோயேல்' என்றுதான் சொல்வார். டிசம்பர் பிறந்ததும் அவர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கும். நாங்கள் பிள்ளைகள் திண்ணையில் குந்திக்கொள்வோம். பழைய பிரெஞ்சுப் பத்திரிகைத் தாளைப் பிரித்துப் பிரித்து உள்ளேயிருந்து விரல் நீளத்துக்கு மண் பொம்மைகளை எடுத்து வைப்பார்.

அந்தப் பொம்மைகளில் மாதாவும் சூசையப்பரும் பாலனும் இருந்தார்கள். அவர்கள் எங்களுக்குப் பெரிய அதிசயமில்லை, வில்லியனூரில் பார்த்தவர்கள்தான். மிச்சப் பொம்மைகள்தான் வேடிக்கை. இடுப்பில் கூடையைத் தாங்கிய மீன்காரி. கத்திக்குச் சாணை பிடிக்கிறவன். தோளில் மாவு மூட்டையோடு ஒருவன். பூண்டுச் சரத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்ட கிழவி. கையில் எதுவுமே இல்லாமல் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கும் ஒரு வெகுளி. "இவன் இன்னா தாத்தா குடுக்கிறான் பாலனுக்கு?" என்று கேட்டேன். "ஒண்ணும் குடுக்கல. ஆச்சரியப்படுறான், அவ்ளோதான். அதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல" என்றார்.

பின்னாளில்தான் அந்தப் பொம்மைகளின் கதை தெரிந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கோயில்கள் சாத்தப்பட்டு, நள்ளிரவுப் பூசையும் நின்றபோது, தெற்கு பிரான்சில் ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே குடில் வைக்கத் தொடங்கினார்கள். மார்சேய் நகரத்து லானேல் என்ற கைவினைஞர் அச்சில் மண்ணை அழுத்தி, ஏழைகளும் வாங்கும் விலையில் பொம்மைகளைச் செய்து விற்றார். யூதேயா நாட்டு முகங்களை அவர் எங்கே கண்டார்? தன் தெருவில் போகிறவர்களையே செய்தார். மீன்காரி மார்சேய் மீன்காரி. சாணை பிடிப்பவன் அந்த ஊர்ச் சாணைக்காரன். 1803இல் அங்கே தொடங்கிய பொம்மைச் சந்தை இன்றும் வருஷா வருஷம் கூடுகிறது. அந்தச் சந்தைச் சரக்குத்தான் எப்படியோ ஒரு தமிழ்ச் சிப்பாயின் பெட்டிக்குள் ஏறி, கப்பலில் வந்து, எங்கள் ஊருக்கு நாலு வயல் தள்ளி இறங்கியிருக்கிறது.

ஒரு வருஷம் புதுச் சாமியார் வந்தார். இளவயது, கை சும்மா இருக்காது. சொல்தா தாத்தா வீட்டில் காபி குடித்தபடி அந்த மீன்காரிப் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் உபதேசியாரிடம் கேட்டார்: "பிரெஞ்சு மீன்காரி பெத்லகேமுக்குப் போகலாம்னா நம்ம ஜனங்க போகக் கூடாதா?" அந்த வருஷம் சுரூபம் வைத்த குடில் கிடையாது, கோயில் பக்கத்துக் களத்துமேட்டிலேயே ஆட்களை வைத்துப் பெத்லகேமைக் கட்டுவது என்று முடிவாயிற்று. அந்த ஊரில் இருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் மட்டும் போதாது. அதனால் பிள்ளையார்குப்பத்திலும் ஆள் பிடித்தார்கள். ஆயாவிடம் எட்டு வெள்ளாடும் ஒரு செவலைப் பசுவும் இருந்தன. ஆடு மேய்க்கிற பேரன் நான். இடையனுக்கு வேறு எங்கே போய்த் தேடுவார்கள்?

கன்னியாஸ்திரி ஒருவர்தான் ஏற்பாடுகளைக் கவனித்தார். எங்கள் ஆடுகளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. எல்லாம் கறுப்பு, ஒன்றிரண்டு பழுப்பு. "வெள்ளைச் செம்மறி கிடைக்காதா?" என்றார். ஆயா வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, "ஏம்மா, அந்த ஊருல வெள்ளாடே கெடையாதா?" என்று கேட்டாள். கன்னியாஸ்திரி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். ஆடுகள் தேர்வாகிவிட்டன.

குடிலுக்கு முன்னேற்பாடுகள் நிறைய உண்டு. அதில் எனக்குப் பிடித்தது கேழ்வரகு விதைப்பது. பழைய தட்டுகளிலும் உடைந்த சட்டிகளிலும் மண்ணும் எருவும் நிரப்பி, ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடிவைப்போம். பத்து நாளில் பச்சைப் பசேலென்று புல்தரை தயார். ஆயா அதை அம்மனுக்கு முளைப்பாரி போடுகிற பக்தியோடு செய்தாள். தினம் காலையில் குளித்துவிட்டுத்தான் தண்ணீர் தெளிப்பாள், கவிச்சி சாப்பிட்ட கையால் யாரையும் தொட விடமாட்டாள். தெற்கு பிரான்சிலும் டிசம்பர் 4ஆம் தேதி, புனித பார்பரா திருநாளன்று, தட்டில் கோதுமை விதைத்து முளைத்த பயிரைக் குடிலில் வைப்பார்களாம். நன்றாக முளைத்தால் வரும் வருஷம் வெள்ளாமை நன்றாக இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆயாவின் நம்பிக்கையும் அச்சு அசல் அதேதான். சிமெண்ட் சாக்குத் தாளைக் கசக்கி, கரியும் பச்சைச் சாயமும் பூசி மலை செய்வது பெரிய பையன்கள் வேலை. மூங்கில் சிம்பில் கலர்த்தாள் ஒட்டிய நட்சத்திரத்துக்குள் அகல் விளக்கு வைத்து, அது எரிந்து போய், மறுபடி ஒட்டி, மறுபடி எரிந்து, கடைசியில் உபதேசியார் தன் டார்ச் லைட்டையே உள்ளே கட்டினார்.

பெத்லகேமில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குயவர் சக்கரத்தோடு வந்தார். களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க அகல் விளக்குகளாகச் செய்து தள்ளினார். கொல்லர் துருத்தியோடு வந்தார். வீராம்பட்டினத்திலிருந்து தினம் எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவரும் அக்கா, வெறுங்கூடையோடு வந்தால் போதும் என்று சொல்லியும், "மீன் இல்லாத மீன்காரியா?" என்று காரப்பொடி மீன் வாங்கி வந்துவிட்டாள். அதையும் விற்றுத் தீர்த்துவிட்டுத்தான் போனாள். கள் இறக்குகிறவர் பனங்கலயமும் அரிவாள் பெட்டியுமாக வந்து நின்றபோதுதான் கொஞ்சம் பிரச்சினை. எங்கள் புதுச்சேரியில் கள்ளுக்கடை அரசாங்க ஏலத்தில் போகிற தொழில், அவருக்கு அதில் கூச்சம் ஏதும் இல்லை. ஆனால் பாலன் பிறக்கும் இடத்தில் கள்ளா என்று கன்னியாஸ்திரி மறித்தார். சாமியார் தீர்ப்புச் சொன்னார்: "கலயத்துல பதநீர்னு வெச்சுக்குவோம்." என்ன இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. மூன்று ராசாக்களில் ஒருவர் அன்றைக்கு ரொம்ப உற்சாகமாக இருந்தார்.

கழுதைக்குப் பஞ்சமே இல்லாத காலம் அது. துணி வெளுக்கிற குடும்பத்தில் இரண்டு கழுதைகள். அதில் சாதுவானதைக் கேட்டு வாங்கினோம். சாது என்று நம்பித்தான் வாங்கினோம். சூசையப்பர் கயிற்றைப் பிடித்து இழுக்க, அது பழக்கதோஷத்தில் ஆற்றுப் பக்கமே நடந்தது. மாதா நிறைமாத வயிற்றில் தலையணையோடு பின்னாலேயே ஓடினாள்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு ஆள் இருந்தார், ஏரோது. ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குத் தெருக்கூத்தில் துரியோதனன் கட்டுகிறவரையே ஏரோதாகப் போடலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். உபதேசியார் அவருக்கு ஒதுக்கிய நேரம் பத்து நிமிஷம். அவர் வந்த அலங்காரத்தைப் பார்த்தபோதே பத்து நிமிஷத்தில் அடங்காது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. புஜக்கட்டை, கிரீடம், மார்ப்பதக்கம், காலில் சலங்கை. இரண்டு பேர் திரைச்சீலை பிடித்தார்கள். கட்டியங்காரன் முன்னால் வந்து, அகுஸ்து ராயர் குடிக்கணக்கு எடுக்கச் சொன்ன கதையை எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து வரியோடு முடிச்சுப் போட்டுக் கிண்டலடித்தான். திரைக்குப் பின்னாலிருந்து ஏரோது குரலை மட்டும் விட்டார். மத்தளக்காரர் பதில் சொன்னார். திரை விலகியதும் சுழன்று சுழன்று ஒரு கிறுக்கி. களத்து மண் பறந்தது.

மூன்று ராசாக்கள் வந்து "யூதர்களின் ராசா எங்கே பிறந்திருக்கிறார்?" என்று கேட்க வேண்டிய இடத்தில், அவர்களுக்கு வாய் திறக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. ஏரோது தன் வம்சப் பெருமை, வாள் பெருமை, கோட்டைப் பெருமை எல்லாவற்றையும் விருத்தமாகப் பாடி முடித்தார். சனம் விசிலடித்தது. பிள்ளையார்குப்பத்திலிருந்தும் கூடப்பாக்கத்திலிருந்தும் கூத்துப் பார்க்கவே வந்த கூட்டம் அது. சாமியார் பூசை உடுப்போடு கோயில் வாசலில் நின்றார். மணி பன்னிரண்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் கண்ணசைக்க, கோயில் பிள்ளை ஓடிப்போய் மணியை அடித்து உலுக்கிவிட்டார். ஏரோது மணிச் சத்தத்தைக் கேட்டதும் ஆட்டத்தை நிறுத்தி, கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் போய் உட்கார்ந்தார். அவரை அந்த மாதிரி நான் வேறு எந்தக் கூத்திலும் பார்த்ததில்லை.

கூத்தையும் வேதக் கதையையும் சேர்ப்பது எங்கள் சாமியார் கண்டுபிடித்த புதுமை ஒன்றுமில்லை. கடல் கடந்து மன்னாரில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் மூவிராசாக்கள் கதையைத் தலைமுறைகளாகக் கூத்தாக ஆடிவந்திருக்கிறார்கள். வேதக் கதையை நம் நிலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் வீரமாமுனிவரும் ஒருவர். இத்தாலியில் பிறந்து இங்கே வந்து தமிழ் படித்து, 1726இல் தேம்பாவணியை முடித்தவர். சூசையப்பரை வளன் என்று பெயரிட்டுக் காப்பியத் தலைவனாக்கினார். நாட்டுப் படலத்தில் யூதேயாவை அவர் வர்ணிக்கிறபோது அது காவிரிக் கரை மருத நிலமாகவே இருக்கும். பாலைவனத்தில் ஏது இத்தனை வயலும் வாய்க்காலும் என்று புலவர்கள் யாரும் சண்டைக்குப் போகவில்லை. எங்கள் களத்துமேட்டில் கேழ்வரகுப் பயிரைப் பார்த்தும் யாரும் கேட்கவில்லை.

பாலனுக்கு வருகிறேன். பொம்மை வேண்டாம், நிஜப் பிள்ளையே வேண்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு இரண்டு மாதக் குழந்தை. அவள் பிள்ளையார் கோயில் திண்ணையில் விபூதி வாங்கிக் குழந்தை நெற்றியில் இட்டுவிட்டு, தூக்கி வந்தாள். மாதாவாக நடித்தது பத்தாம் வகுப்புப் பெண். அவள் மடிக்குப் போனதும் குழந்தை வீரிட்டது. சம்மனசுகள் பாடினார்கள், நிற்கவில்லை. சூசையப்பர் தாடியை ஆட்டிக் காட்டினார், அழுகை கூடியது. எங்கள் செவலைப் பசு தலையை நீட்டி மோந்து பார்த்தது, கொஞ்சம் அடங்கிற்று. பிறகு மறுபடி. கூட்டத்திலிருந்து அந்த அக்கா மேலே ஏறி வந்தாள். மாதாவின் நீல முக்காட்டில் பாதியை இழுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை. பூசை முடிகிறவரை குடிலில் இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள். குழந்தை நெற்றியில் விபூதியும் அப்படியே இருந்தது.

எல்லாம் முடிந்து சாமானை ஏறக்கட்டும்போது ஆயா, குழந்தையைக் கிடத்திய தீவனத் தொட்டியிலிருந்து வைக்கோலை ஒரு கை அள்ளி மடியில் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அதைப் பசுவுக்கும் ஆடுகளுக்கும் பிரித்துக் கொடுத்தாள். மிச்சத்தைத் தொழுவத்துக் கூரையில் செருகினாள். "சாமி படுத்த வைக்கோல்டா. மாட்டுக்கு நோவு வராது."

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும். ஆட்களும் மாடும் வைத்துக் குடில் கட்டும் பழக்கத்துக்கு ஆதியாகச் சொல்லப்படுவது 1223ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ். இத்தாலியில் கிரேச்சோ என்ற மலைக்கிராமம். அசிசி பிரான்சிஸ் தன் நண்பர் ஜொவான்னியிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லி, ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை ஆகியவற்றைத் தயார் செய்யச் சொன்னார். லூக்கா எழுதிய நற்செய்தியில் தீவனத் தொட்டி உண்டு, மாடும் கழுதையும் கிடையாது. அவை ஏசாயா தீர்க்கதரிசியின் வசனத்திலிருந்து வந்து சேர்ந்தவை. ஊர் ஜனங்கள் பந்தமும் மெழுகுவத்தியும் ஏந்தி மலையேறி வந்தார்கள். தொட்டியின் மேலேயே பூசை நடந்தது. பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடிப் பிரசங்கம் செய்தார். அவர் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ ஊர்த் தாமஸ் இதையெல்லாம் விவரமாகச் சொல்கிறார். அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: அந்தத் தொட்டியில் கிடந்த வைக்கோலைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள், அக்கம்பக்கத்தில் நோய் கண்ட கால்நடைகள் அதைத் தின்று குணமடைந்தன.

இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆயாவுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. இத்தாலி என்று ஒரு நாடு இருப்பதுகூடத் தெரியாது. 2019 டிசம்பர் 1ஆம் தேதி போப் பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குப் போய், குடில் வைக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு மடலில் கையெழுத்திட்டார். 2023இல் எண்ணூறு ஆண்டு நிறைவைக் கொண்டாடினார்கள். பத்திரிகையில் படம் பார்த்தபோது எனக்கு ஆயாவின் மடிதான் கண்ணில் நின்றது.

அந்தச் சாமியார் மாற்றலாகிப் போனதோடு ஆட்கள் வைக்கும் குடில் நின்றுபோயிற்று. சுரூபக் குடில் திரும்பி வந்தது. பிறகு சீரியல் லைட் வந்தது, மோட்டார் வைத்த நீர்வீழ்ச்சி வந்தது, தெர்மாகோலில் பனி வந்தது. பனியையே பார்க்காத ஊரில் அத்தனை பனி! ஓட்டுக் கோயில் இடிந்து கான்கிரீட் கோயில் எழுந்தது. சொல்தா தாத்தாவின் பிள்ளைகள் பிரான்சுக்குப் போய்விட்டார்கள், பெட்டியும் அவர்களோடு போயிருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று அந்த ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் தட்டில் வரும், பொங்கலுக்கு நாங்கள் அதே தட்டில் சர்க்கரைப் பொங்கலைத் திருப்பி அனுப்புவோம். இப்போது கேக் டப்பா வருகிறது. டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் போக்குவரத்தும் ஒருவழியாகிவிட்டது.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியது. கிறிஸ்துமஸ் முடிந்து ஐந்தாம் நாள். எங்கள் பக்கத்தில் அந்த வருஷம் எல்லா வாசலிலும் கீற்றுக் குடில்கள் அப்படியே இருந்தன, மூன்று ராசாக்கள் திருநாள் வரை பிரிக்க மாட்டார்கள். காற்று ஒன்றையும் விடவில்லை. மரங்கள் விழுந்து ரோடே தெரியவில்லை, கரண்ட் வர நாளாயிற்று. நாலு வயல் தள்ளியிருந்த கோயிலின் பாரிஷ் ஹாலில் இரண்டு ஊர் ஜனமும் சேர்ந்து கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். எனக்குத் தெரிந்து களத்துமேட்டுப் பெத்லகேமுக்குப் பிறகு இரண்டு ஊரும் ஒரே இடத்தில் ராத்திரி தங்கியது அப்போதுதான்.

டவுன் மைதானத்துக்குத் திரும்புகிறேன். குறை சொல்ல எனக்கு மனசில்லை. பிள்ளைகள் நன்றாக உழைத்திருந்தார்கள். சத்திரக்காரர் அருமையான நடிகர். அரங்க அமைப்பில் ஒரு பிசிறு கிடையாது. ஆனால் குயவர் வேடத்தில் நின்ற பையனின் சக்கரம் சுற்றவில்லை, சக்கரத்தின் மேல் ஏற்கெனவே சுட்ட பானை ஒன்று உட்கார்ந்திருந்தது. தச்சரின் உளியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. கழுதை மட்டும் அசல். அதைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தெருத்தெருவாகக் கழுதைப் பால் விற்கிறவர். "ஒரு வாரத்துக்கு வாடகை பேசியிருக்காங்க சார். காலையில பால் வியாபாரம், சாயங்காலம் இங்க." அந்த மைதானத்தில் தன் சொந்தத் தொழிலோடு வந்து நின்றவர் அவர் ஒருவர்தான். வேடம் போட்டவர்களைப் படம் எடுத்த கூட்டம் அவரைச் சட்டகத்துக்கு வெளியே கொஞ்சம் நகரச் சொல்லிக்கொண்டிருந்தது.

என் எண்ணம் இதுதான்: குடில் பார்க்க வருகிறவர்களைவிட, அதில் ஒரு வேலை செய்தவர்களுக்குத்தான் அது நெஞ்சில் தங்குகிறது. அன்றைக்குக் கூட்டத்தோடு வந்து பார்த்துப் போனவர்களிடம் இப்போது கேட்டால் ஏரோது ஆடியது ஒன்றுதான் நினைவிருக்கும். எனக்கு ஆட்டின் கழுத்துச் சூடு வரை நினைவிருக்கிறது. பேரனும் சத்திரக்காரரை மறந்துவிடுவான். திரும்பும்போது கழுதைக்காரர் அவன் கையில் ஒரு பிடி புல்லைக் கொடுத்து ஊட்டச் சொன்னார். அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

வரும் டிசம்பரில் பெத்லகேம் கட்டப்போகிற பங்குகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தக் கலைக்காக இங்கே வி.கே. முனுசாமி 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ வாங்கியிருக்கிறார். திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. பிளாஸ்டர் சுரூபங்களைக் கடையில் வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை இவர்களிடம் போய்க் கேளுங்கள். மாதாவையும் சூசையப்பரையும் மட்டும் கேட்காதீர்கள். மீன்கூடை அக்காவை, கள் இறக்குகிறவரை, கழுதைப் பால்காரரைச் செய்து தரச் சொல்லுங்கள். ஆட்கள் வைக்கிற குடில் என்றால் குயவரையே சக்கரத்தோடு கூப்பிடுங்கள், கூலியும் கொடுங்கள். டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். மழைக்காலத்தில் மண் காயாது, ஆகஸ்ட் மாதத்திலேயே சொல்லிவைத்தால்தான் அவர்களுக்குச் சௌகரியம்.